அண்ணனுக்குப் புற்று, தம்பிக்குப் பாலிப்: ஒரு குடும்பத்தின் பெருங்குடல் பரிசோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 46. ஈரோடு மாவட்டத்தில் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கும் விவசாயி. தொந்தரவு என்று எதுவுமில்லை. வயிற்று வலி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, எடை குறையவில்லை. பசி நன்றாக எடுக்கிறது. தினமும் வெடியால ஒருமுறை சிரமமில்லாமல் வெளியே போகிறார். சர்க்கரை, பிரஷர் இல்லை. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஹீமோகுளோபின் 14.1.

இவ்வளவு ஆரோக்கியமான மனிதரின் பெருங்குடலில் மூன்று பாலிப்கள், அதாவது குடலின் உட்சுவரில் மரு மாதிரி முளைப்பவை, இருந்தன. அவற்றில் ஒன்று புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய படியில் நின்றது. அவர் எப்படி எங்கள் பரிசோதனை மேசைக்கு வந்தார், முதல் முறை ஏன் எங்களால் எதையும் பார்க்க முடியவில்லை, இரண்டாம் முறை என்ன கிடைத்தது என்பதைக் கூடியவரை விடாமல் எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். பெயரையும் ஊரையும் சேர்க்கவில்லை.

அண்ணனின் நோய்

கதை அண்ணனிடம்தான் தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டு கடைசியில் அவருக்கு வலப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டுபிடித்தோம். அப்போது அவருக்கு வயது 54. அதற்கு முன் ஒன்றரை வருடம் அவரைக் களைப்பு வாட்டியிருக்கிறது. வாய்க்கால் மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 7.2க்கு இறங்கியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், மேல் வயிற்றுக்கு எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு மூலமும் இருந்ததால் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மூலத்துக்கு லேகியம், பத்தியம், பிறகு ஊசி என்று மாதங்கள் ஓடின.

மூலம் நம்மூரில் அவ்வளவு சகஜம். அதனாலேயே அது பல நோய்களுக்குத் திரையாகிவிடுகிறது. மூலம் இருப்பவருக்குப் பெருங்குடலில் வேறெதுவும் இருக்கக்கூடாது என்று விதி கிடையாது. நாற்பது வயது தாண்டிய ஆண் ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், மேலும் கீழும் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். வலப்பக்கக் குடல் அகலமானது. அங்கே மலம் கூழாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் கட்டி வளர்ந்தால் அடைப்பு சீக்கிரம் வராது. ரத்தம் மலத்தோடு கலந்து, நிறம் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். நோயாளிக்குத் தெரிவதெல்லாம் களைப்பு மட்டும்தான்.

அண்ணனுக்கு வலப்பக்கப் பெருங்குடலை எடுத்தார்கள். எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் 3இல் நோய் இருந்தது, அதாவது மூன்றாம் கட்டம். கீமோதெரபி ஆறு மாதம். கட்டித் திசுவில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களும் குறைவில்லாமல் இருந்தன. லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை வகையாக இருக்குமோ என்ற சந்தேகம் இதனால் பெரிதும் குறைந்தது. அப்பா எழுபது வயதுக்கு மேல் மாரடைப்பில் இறந்தவர். 78 வயது அம்மா திடமாக இருக்கிறார். குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லை.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியை அண்ணனுக்குச் செய்து நோயைக் கண்டுபிடித்தது நான். பயாப்ஸி எடுத்தேன், அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன், ஸ்கேனுக்கு எழுதினேன். அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது என்று கேட்டு ஃபைலில் குறித்தும் வைத்தேன். அவர்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அறுவை முடிந்து வீட்டுக்குப் போகையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு நான்கு பக்கம். அதிலும் அந்த ஒரு வரி இல்லை.

அறுவைக்குப் பின் ஒரு வருடத்தில் செய்ய வேண்டிய கொலோனோஸ்கோபிக்காக 2024 தை மாதம் அண்ணன் வந்தார். அவருக்கு எல்லாம் நன்றாக இருந்தது. வெளியே வந்து குடும்பத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், இது எங்க கொழுந்தனாருக்கும் வருமுங்களா?"

அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அவர் கேள்வியாகக் கேட்டார்.

யாருக்கு எப்போது

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நோய் வந்தவருக்கு அது எந்த வயதில் வந்ததோ அதிலிருந்து பத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த வயது நாற்பதுக்கும் குறைவாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு 54, பத்தைக் கழித்தால் 44. நாற்பதுதான் முந்தியது. அப்படியானால் தம்பி ஆறு வருடம் தாமதம். நடுவில் பிறந்த அக்காவுக்கு 50. தாராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் பத்து வருடம் தாமதம்.

இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்று பொதுமக்கள் அனைவருக்குமான பரிசோதனைத் திட்டம் கிடையாது. அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்றைத்தான் பார்க்கிறார்கள். ஈரோடு மாவட்டத்திலும் வீடு வீடாக அழைப்பு கொடுத்து நடந்த பரிசோதனை இந்த மூன்றுக்கானதுதான். அது சரியான வரிசையும்கூட. இங்கே அந்த மூன்றும்தான் அதிகம் பேரைப் பிடிக்கின்றன. ஜப்பானில் 1992 முதல் நாற்பதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை நடக்கிறது. அமெரிக்காவில் 2021இல் தொடங்கும் வயதை 50இலிருந்து 45க்கு இறக்கினார்கள். அவர்களைப் பார்த்து நாமும் எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மருத்துவரும் இல்லை, கருவியும் இல்லை, இங்கே நோயின் அளவும் அவ்வளவு இல்லை. ஆனால் நோயாளியின் கூடப் பிறந்தவர்கள் நம் கண் முன்னாலேயே, வார்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக எந்தத் திட்டமும் வேண்டியதில்லை.

தம்பியைச் சம்மதிக்க வைத்தது

அடுத்த வாரமே தம்பி வந்தார். "நங்கையா (அண்ணி) சொன்னாங்கன்னு வந்தேனுங்க. எனக்கு ஒன்னுமே இல்லைங்களே, கல்லாட்டம் இருக்கறனுங்க. எதுக்குங்க குழாய் உட்டுப் பாக்கோணும்?"

கையில் ஒரு ரிப்போர்ட் வைத்திருந்தார். போன வருடம் அண்ணனுக்கு அறுவை நடந்த பயத்தில் கோவையில் முழு உடல் பரிசோதனை செய்திருக்கிறார். அதில் மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைப் பார்க்கும் 'ஃபிட்' பரிசோதனையும் இருந்தது. ரத்தம் இல்லை என்று முடிவு. அந்தத் தாளை அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்த விதத்திலிருந்தே அதை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்று தெரிந்தது.

ஃபிட் நல்ல பரிசோதனை. மனித ரத்தத்தின் குளோபினை மட்டும் அது கண்டுபிடிப்பதால் கறி தின்றதாலோ கிழங்கு தின்றதாலோ முடிவு மாறாது. பழைய குவையாக் பரிசோதனையில் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் 2014இல் வெளியான, ஏறத்தாழ பத்தாயிரம் பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 74 பேரை ஃபிட் காட்டிக்கொடுத்தது. புற்றுநோயாக மாறக்கூடிய முற்றிய பாலிப் உள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேரைத்தான் காட்டிக்கொடுத்தது. காரணம் எளிது. பாலிப் எல்லா நாளும் கசிவதில்லை, சில வகைகள் கசிவதே இல்லை. குடும்பத்தில் நோய் இல்லாத ஒருவர் வருடா வருடம் செய்தால் இந்தக் குறை ஓரளவு ஈடாகும். அண்ணனுக்கு 54 வயதில் புற்றுநோய் வந்த ஒருவர் ஒருமுறை ஃபிட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அவர் அடுத்து சொன்னது இந்த மண்ணுக்கே உரிய நம்பிக்கை. "நாங்க மஞ்சக்காட்டுலயே பொறந்து வளந்தவங்க. மஞ்சள் தின்னா இதெல்லாம் வராதும்பாங்களே?" நான் மஞ்சளைக் குறைத்துப் பேசவில்லை, அவருக்கு அது சோறு. அவர் அண்ணனும் அதே காட்டு மஞ்சளைத்தான் தின்றார் என்று மட்டும் சொன்னேன். இதை வாசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். குடல் முழுக்கப் பாலிப் முளைக்கும் எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை நோய் உள்ள 44 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மஞ்சளின் குர்குமினைத் தினம் 3 கிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 2018இல் முடிவு வந்தது. பாலிப்களின் எண்ணிக்கையிலும் அளவிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. குழம்பில் போடுவது ஒரு நாளைக்குச் சிட்டிகை அளவு.

கடைசித் தடை அவர் அம்மா. அவரும் கூட வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏங்கண்ணு, பெரியவன் பட்ட பாடு போதாதா? இல்லாத சீக்கை எதுக்குத் தேடிப் பாக்கோணும்?"

இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்ல முடியாது. சீக்கைத் தேடவில்லை ஆத்தா என்றேன். குடலுக்குள் மரு மாதிரி ஒன்று முளைக்கும், அது பத்து வருடம் போல மருவாகவே இருக்கும், வலிக்காது, அதன் பிறகு அவற்றில் சில கெட்டுப்போகும், மருவாக இருக்கும்போதே கிள்ளி எடுத்துவிட்டால் பெரியவருக்கு வந்தது இவருக்கு வராது. "கிள்ளி எடுக்கறதுக்கு வயித்தைக் கிழிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை, பார்க்கிற குழாய் வழியாகவே எடுத்துவிடலாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பன்னா பாருங்க" என்றார்.

கிழிக்காமல் எடுக்கிற அந்த வசதி 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இருவர் செய்து காட்டியது. அதற்கு முன்பெல்லாம் உள்ளே தள்ளி இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது.

முதல் முறை

தை கடைசியில், காலை 11 மணிக்கு. மயக்க மருந்து கொடுத்துக் குழாயைச் செலுத்தினேன். மலக்குடலைத் தாண்டியதுமே பழுப்பு நீர். உறிஞ்சி, கழுவி, மேலே போகப் போக அது கூழானது. கரும்பழுப்பாக, பசைபோல, குடல் சுவரில் பூசினாற்போல் ஒட்டியிருந்தது. நடுவே பச்சைத் துணுக்குகள். ஒரு துணுக்கு குழாயின் உறிஞ்சு வாயை அடைத்துக்கொண்டது. பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரை போய்ச் சேர்ந்தேன், ஆனால் வலப்பக்கத்தில் சுவரே தெரியவில்லை. குடல் எவ்வளவு சுத்தம் என்று அளக்கும் பாஸ்டன் அளவுகோலில் குடலின் மூன்று பகுதிகளுக்கும் அதிகபட்சம் தலா 3 மதிப்பெண், மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 வாங்க வேண்டும். இடப்பக்கத்துக்கு 1, நடுப்பகுதிக்கு 1, வலப்பக்கத்துக்கு 0 என்று போட்டேன். 9க்கு 2.

அன்று நான் பாலிப் எதையும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து 18 மில்லிமீட்டரில் ஒன்றை எடுத்த இடத்தைத் தாண்டித்தான் அன்றும் குழாய் போய்வந்தது. அதனால்தான் அறிக்கையில் எழுதும் வார்த்தை முக்கியம். 'சீக்கம் வரை பார்க்கப்பட்டது, பாலிப் இல்லை' என்று எழுதியிருந்தால் அதில் பொய் இருப்பதாக யாரும் சொல்லமுடியாது. அந்தத் தாளையும் அவர் ஃபிட் ரிப்போர்ட்டைப் போல மடித்து வைத்துக்கொண்டு ஐந்து வருடம் நிம்மதியாக இருந்திருப்பார். 'குடல் சுத்தமாக இல்லை. பாலிப் இல்லை என்று சொல்ல முடியாது. பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும்' என்று எழுதினேன்.

தெளிந்த பிறகு அவரிடம் கேட்டேன். மருந்து முழுவதையும் குடித்தீர்களா? இரண்டு லிட்டரும் முந்தின நாள் பொழுதோடவே குடித்து முடித்துவிட்டாராம். ஆகாரம்? "சீட்டுல போட்டிருந்தபடி லேசான ஆகாரந்தானுங்க. ராயிக் களியும் கீரைக் கடைசலும்."

சீட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவு அச்சடித்துக் கொடுப்பதுதான். 'முந்தைய நாள் லேசான ஆகாரம் மட்டும் எடுத்துக்கொள்ளவும்' என்றிருந்தது. காட்டில் வேலை செய்கிற ஒருவருக்குக் கறிக்குழம்பு கனமான சாப்பாடு, களியும் கீரையும் லேசானது. வயிற்றுக்கு இதமானது என்று பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கொடுப்பார்கள். அவர் எங்களை அப்படியே நம்பி நடந்திருக்கிறார். ராகியின் உமித்தோலும் கீரை நாரும் செரிக்காமல் கடைசிவரை வந்து சுவரில் ஒட்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தவறு எங்கள் சீட்டில்.

இரண்டாவது தவறும் அதே சீட்டில்தான். மருந்து முழுவதையும் முந்தின மாலையே குடிக்கச் சொல்லியிருந்தோம். பாலிஎதிலீன் கிளைக்கால் தூள் உடம்பில் சேராது. தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு குடலைக் கழுவிக்கொண்டு போகும். ஆனால் ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்குச் சுத்தமான வலப்பக்கம் மறுநாள் பதினொரு மணிக்குள் மறுபடி பூசிக்கொள்ளும். பாதியை முந்தின மாலை, மீதியைப் பரிசோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்னால் என்று பிரித்துக் குடித்தால்தான் வலப்பக்கம் தெளியும். எங்களுக்கு இது தெரியாததல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மருந்து குடியுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வந்தால் எழுந்துபோய் மோட்டார் போடுகிற மனிதர்களிடம் அதைச் சொல்லத் தயங்கியிருக்கிறோம்.

சீட்டை மாற்றி எழுதினோம். மூன்று நாள் முன்பிருந்தே ராகி, கம்பு, கொள்ளு, கீரை, தக்காளி விதை, கொய்யா, மாதுளை, எள் கூடாது. அரிசிம்பருப்பும் கூடாது, பருப்பு தங்கும். முந்தின நாள் வெறும் இட்லி, குழைந்த வெள்ளைச் சோறும் மோரும், மதியம் வரைக்கும்தான். அதன்பின் வடிகட்டிய ரசம், வழுக்கை இல்லாத இளநீர், பால் சேர்க்காத டீ, சர்க்கரைத் தண்ணீர். சிவப்பு நிறச் சர்பத் வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும். இரண்டாவது லிட்டரைப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். கடைசியாகப் போகும் மலம் வெளிர் மஞ்சளாக, கையில் பிடித்தால் அடி தெரிகிற தண்ணீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் போன் செய்யுங்கள் என்று முடித்தோம்.

இரண்டாம் முறை

உடனே வருகிறேன் என்று போனவர் இரண்டு மாதம் வரவில்லை. மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டது. வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மண்டிக்கு ஏற்றும்வரை அந்த வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. நாங்கள் மூன்று முறை போன் செய்தோம். மூன்றாவது முறை அண்ணி எடுத்தார். சித்திரையில் அவரே கூட்டிவந்தார்.

பரிசோதனை காலை 10 மணிக்கு. இரண்டாவது லிட்டரை நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்திருந்தார். குடல் கண்ணாடிபோல் இருந்தது. 3, 3, 2, மொத்தம் 8. சீக்கத்தில் குடல்வால் துளையையும், சிறுகுடல் வந்து சேரும் வாயிலையும் படமெடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். பாலிப் பெரும்பாலும் திரும்பும்போதுதான் அகப்படும். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவர வேண்டும். பாலிப் எடுக்கும் நேரம் சேர்க்காமல் குறைந்தது ஆறு நிமிடம் என்பது பழைய கணக்கு; இப்போது எட்டு என்கிறார்கள். அன்று எனக்குப் பதினான்கு நிமிடம் ஆனது.

முதலில் கிடைத்தது வலப்பக்கத்து ஏறுகுடலில், ஒரு மடிப்பின் மேல். பார்த்ததும் பாலிப் என்று தோன்றவில்லை. சுவரில் கஞ்சி ஆடை படிந்ததுபோல் மஞ்சளாக ஒரு சளிப்படலம். தண்ணீர் பீய்ச்சினேன், போகவில்லை. இன்னொரு முறை பீய்ச்சியதும் ஆடை உரிந்துகொண்டு நழுவியது. அடியில் வெளிறிய, தட்டையான, மேகம்போல் ஓரம் தெளியாத ஒரு மேடு. ரத்த நாளங்களின் கோலம் அந்த இடத்தில் மட்டும் மறைந்திருந்தது. 12 மில்லிமீட்டர். ரம்ப விளிம்பு வகைப் பாலிப் என்று அந்த ஆடையை வைத்தே சொல்லிவிடலாம். இந்த வகை எளிதில் கசியாது, ஃபிட்டில் பெரும்பாலும் தெரியாது, வலப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். தை மாதம் இதன் மேல் ஆடைக்கு மேல் ஆடையாக ராகிப் பசையும் இருந்தது. நீலச்சாயம் கலந்த உப்பு நீரை அடியில் செலுத்தி மேட்டைத் தூக்கி, மின்சாரம் இல்லாத கம்பிச் சுருக்கால் இரண்டு துண்டாக எடுத்தேன்.

குறுக்குக் குடலில் 4 மில்லிமீட்டரில் சிறியது ஒன்று. அதுவும் வெறும் சுருக்கில் வந்தது.

மூன்றாவது இடப்பக்கம், மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டு வளைவில், ஆசனவாயிலிருந்து 25 சென்டிமீட்டரில். இதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பழுத்த இலந்தைப் பழம்போல் சிவந்து, தடித்த காம்போடு குடலின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. தலை 18 மில்லிமீட்டர். மேற்பரப்பைத் துலக்கிக் காட்டும் குறும்பட்டை ஒளியில் பார்க்கையில் மேற்பரப்பில் கிளைவிட்ட கோலம், நடுவில் ஓரிடத்தில் அந்தக் கோலம் குலைந்திருந்தது. இப்படிப்பட்ட காம்புக்குள் நல்ல பருமனான நாளம் ஓடும். காம்பில் அட்ரினலின் கலந்த உப்பு நீர் செலுத்தி, சுருக்கைக் காம்பின் நடுவில் இறுக்கி, மின்சாரம் கொடுத்து வெட்டினேன். அடிக்காம்பில் லேசாகக் கசிந்தது. இரண்டு கிளிப் போட்டதும் நின்றது. தலையை வலையில் பிடித்து முழுதாக வெளியே கொண்டுவந்தோம்.

பயாப்ஸி முடிவு ஏழாம் நாள் வந்தது. ஏறுகுடலில் இருந்தது ரம்ப விளிம்பு வகை, செல்களில் சீர்கேடு இல்லை. குறுக்குக் குடலில் இருந்தது குழாய் வகை அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை), குறைந்த அளவுச் சீர்கேடு. சிக்மாய்டில் இருந்தது குழாயும் விரல்போன்ற நீட்சிகளான விரலிகளும் கலந்த அடினோமா, ஓரிடத்தில் உயர் அளவுச் சீர்கேடு. ஊடுருவல் இல்லை, காம்பின் வெட்டு விளிம்பு சுத்தம்.

உயர் அளவுச் சீர்கேடு என்றால் செல்கள் புற்றுநோய்ச் செல்களின் தோற்றத்துக்கு வந்துவிட்டன, ஆனால் மேல் படலத்தைத் தாண்டி இறங்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் நிணநீர் முடிச்சுக்குப் பரவ வழியில்லை. எடுத்ததே முழு சிகிச்சை. அண்ணனுக்கு ஆறு மாதக் கீமோதெரபி. தம்பி அன்று மாலையே வீட்டுக்குப் போனார்.

சில குறிப்புகள்

பாலிப் எடுத்தால் புற்றுநோய் குறையும் என்பதற்கான பெரிய சான்று அமெரிக்கத் தேசியப் பாலிப் ஆய்வு. 1993இல் வந்த முதல் முடிவிலேயே, அடினோமா எடுக்கப்பட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருவது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. 2012இல் வந்த நீண்டகால முடிவில் அந்நோயால் இறப்பது 53 விழுக்காடு குறைந்திருந்தது. 2022இல் போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளிலிருந்து வந்த ஆய்வை வைத்து, கொலோனோஸ்கோபியால் பெரிய பயனில்லை என்று செய்திகள் ஓடின. பத்து வருடத்தில் புற்றுநோய் 18 விழுக்காடுதான் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அது பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்த கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 42 பேர்தான் வந்து செய்துகொண்டார்கள். அழைப்பு யாருக்கும் பாலிப்பை எடுத்துவிடாது. இந்த நோயாளிக்கும் முதல் அழைப்புக்கும் பாலிப் எடுத்ததற்கும் நடுவே ஒரு மஞ்சள் வெட்டு, மூன்று போன், ஓர் அண்ணி.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பார்க்க மட்டும் செய்யும் கொலோனோஸ்கோபியில் குடல் ஓட்டையாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுத்தால் அது கூடும். ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரை தாமதித்தும் வரலாம். அதனால் இரண்டு வாரம் மூட்டை தூக்க வேண்டாம், வெளியூர்ப் பயணம் வேண்டாம், கருப்பாகவோ சிவப்பாகவோ போனால் நேரம் பார்க்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவருக்கு எதுவும் வரவில்லை.

அடுத்த கொலோனோஸ்கோபி மூன்று வருடத்தில். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது, விரலிகள் கலந்தது, உயர் அளவுச் சீர்கேடு உள்ளது, இவற்றில் ஒன்று இருந்தாலே மூன்று வருடம்தான். சிறிய குழாய் வகை மட்டும் ஒன்றோ இரண்டோ இருந்திருந்தால், குடும்பத்திலும் நோய் இல்லாமல் இருந்திருந்தால், ஏழு முதல் பத்து வருடம் தள்ளியிருக்கலாம்.

தாராபுரத்து அக்கா ஆடியில் வந்தார். புதிய சீட்டின்படி நடந்திருந்தார். 9க்கு 9. பாலிப் இல்லை. அவருக்கு ஐந்து வருடம் கழித்து மறுபடி. எங்கள் பிரிவில் இப்போது பெருங்குடல் புற்றுநோய் என்று பயாப்ஸி வந்த அன்றே உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எந்த ஆண்டு பரிசோதனை என்று தனித்தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்கிறோம்.

பயாப்ஸி முடிவைச் சொல்ல அழைத்த அன்று தம்பி மனைவியோடு வந்திருந்தார். எல்லாம் கேட்டு முடித்து எழுந்தவர், "பசங்களுக்குங்க?" என்றார். அண்ணன் மகனுக்கு 27 வயது, அவன் நாற்பதில், 2037இல் வந்தால் போதும் என்றேன். இவருக்கு ஒரே மகள், 16 வயது. அவளுக்கும் நாற்பது என்றுதான் எதிர்பார்த்தார். முற்றிய அடினோமா வந்த பெற்றோருக்கும் அதே பத்து வருடக் கணக்கு உண்டு என்று விளக்கினேன். இவருக்கு 46, பத்தைக் கழித்தால் 36. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மண்டிக் கணக்கு எழுதும் சின்ன நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மகள் பெயரை எழுதி, பக்கத்தில் 2044 என்று போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.